பாரன், நார்கொண்டம்: ஆளில்லாத் தீவுகளின் பெயர்கள் குறித்து ஒரு திறந்த மடல்

உள்துறை அமைச்சகத்திலும், இந்திய நில அளவைத் துறையிலும், அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்திலும் தீவுகளின் பெயர்களைத் தீர்மானிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு

மதிப்பிற்குரியோரே,

அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு, நார்கொண்டம் ஆகிய இரண்டு எரிமலைத் தீவுகளைப் பற்றி எழுதுகிறேன். இரண்டிலும் குடிமக்கள் இல்லை. நார்கொண்டத்தில் 1969 முதல் ஒரு காவல் முகாம் மட்டும் இருக்கிறது. வாக்குரிமை உள்ள ஒருவர்கூட அங்கே பிறந்து வளர்ந்தவர் அல்லர் என்பதால், அவற்றின் பொருட்டு மனுக் கொடுக்க ஆளில்லை. இந்தத் தீவுகளில் தமிழ்வழி மாணவர்களுக்குப் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் நான் கொடுக்கிறேன்.

சில ஆண்டுகளாக எங்கள் தீவுகளின் பெயர்கள் அடுத்தடுத்து மாறிவருகின்றன. 2018 டிசம்பர் 30 அன்று ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளின் பெயர்கள் மாறின. 2023 ஜனவரி 23 அன்று பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேயர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. இவற்றில் எதுவும் எங்களிடம் கேள்வியாக வரவில்லை. அறிவிப்பாகத்தான் வந்தது. மக்கள் வசிக்கும் தலைநகரின் பெயரையே ஒரு நாள் காலையில் செய்தியாக அறிந்துகொண்டோம் என்றால், மக்களே இல்லாத இரண்டு எரிமலைகளின் பெயரை மாற்றுவது எவ்வளவு எளிது! அந்தக் கவலைதான் இந்த மடலுக்குக் காரணம்.

பெயர் மாற்றம் எல்லாமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஹேவ்லாக், நீல் என்ற பெயர்கள் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இருவரும் 1857 எழுச்சியை ஒடுக்கிய தளபதிகள். அதிலும் நீல், மதராஸ் படையை நடத்திச் சென்று வழியெங்கும் மக்களைத் தூக்கிலிட்டவன். அவனுடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறை சென்றார்கள், 1937-இல் ராஜாஜி அரசு அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குள் வைத்தது. சிலை போய் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் கடலில் ஒரு தீவு அவன் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. அது மாறியது நியாயம்.

ஆனால் மாற்றிய முறையைப் பாருங்கள். சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் அந்தமான் தீவுகள் முழுவதற்கும் ஷஹீத் என்றும், நிக்கோபார் தீவுகள் முழுவதற்கும் ஸ்வராஜ் என்றும் பெயரிட்டார். இரண்டு பெரும் தீவுக்கூட்டங்களுக்கு அவர் கொடுத்த பெயர்கள் இன்று ரிட்சி தீவுக்கூட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நீல், ஹேவ்லாக் என்ற இரண்டு சுற்றுலாத் தீவுகளுக்குச் சுருங்கிவிட்டன. நிக்கோபாருக்கு வைத்த பெயர் அந்தமானுக்குள் இருக்கிறது. வகுப்பில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இதை விளக்க முயன்றிருக்கிறேன். "அப்படியானால் நேதாஜி சொன்ன ஸ்வராஜ் எது?" என்று மாணவர்கள் கேட்டால், வரலாற்றுக்கு ஒரு பதிலும் வரைபடத்துக்கு வேறொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரைப் பற்றி ஒரு தமிழனாக இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரை அறிவித்தபோது, சோழர்களின் கடற்படைத் தளமாக இந்தத் தீவுகள் இருந்தன என்பதும் நினைவுகூரப்பட்டது. சோழர்களை நினைத்ததற்கு நன்றி. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025 வாக்கில் அவன் நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் கடாரம் இருக்கிறது, "தேனக்க வார்பொழில் மாநக்கவாரம்" என்று எங்கள் நிக்கோபார் இருக்கிறது, ஸ்ரீவிஜயமும் இருக்கிறது. ஸ்ரீவிஜயம் என்பது சுமத்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட பேரரசு. ராஜேந்திரன் படையெடுத்துச் சென்றதே அதன்மேல்தான். விடுதலைப் போரின் வெற்றியைக் குறிக்கும் பெயர் இது என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சோழ வரலாற்றைப் படித்த எந்த மாணவனும் அந்தப் பெயரைச் சோழனின் எதிரி நாட்டோடுதான் சேர்த்துப் படிப்பான். அறிவிப்புக்கு முன் தீவுகளில் இருக்கும் ஒரு வரலாற்று ஆசிரியரிடம் கேட்டிருந்தால், அவர் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லியிருப்பார்.

இப்போது எரிமலைகளுக்கு வருகிறேன்.

அந்தமானின் பெரிய தீவுகள் எரிமலையால் உண்டானவை அல்ல. இந்திய நிலத்தட்டு கிழக்கே சரிந்து கீழே போகும்போது, அதன்மேல் படிந்திருந்த கடலடி வண்டலும் பாறைகளும் மடிந்து உயர்ந்து நின்றவைதான் வடக்கு, நடு, தெற்கு அந்தமான்கள். அதே தட்டு இன்னும் ஆழத்துக்குப் போய்ப் பாறைக்குழம்பைப் பிறப்பிக்கும் இடம் அதற்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே கடலுக்கு மேல் தலைகாட்டுபவை இரண்டே இரண்டு: பாரனும் நார்கொண்டமும். தெற்கே சுமத்ராவின் எரிமலைகள், வடக்கே பர்மாவின் போப்பா மலை என்று நீளும் ஒரே கோட்டில் இவை நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 140 கி.மீ. கடல். ஆயினும் புவியியலில் இவை ஒரே குடும்பம். அந்தமானின் மற்ற நூற்றுக்கணக்கான தீவுகளில் எதுவும் அந்தக் குடும்பத்தில் சேராது.

போர்ட் பிளேயரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் பாரன் இருக்கிறது. குறுக்களவு மூன்று கி.மீ. அளவுதான், உயரம் 350 மீட்டரைச் சற்றே தாண்டும். கண்ணுக்குத் தெரிவது உச்சி மட்டும்தான். அதன் அடிவாரம் கடலுக்கடியில் இரண்டு கி.மீட்டருக்கும் கீழே இருக்கிறது. உள்ளே வட்டமான பெருவாய், அதன் மேற்குச் சுவர் உடைந்து கடலுக்குத் திறந்திருக்கிறது, நடுவில் கருஞ்சாம்பல் கூம்பு. மாணவர்களோடு கப்பலில் அதைச் சுற்றிவந்திருக்கிறேன். இறங்க அனுமதி இல்லை. உடைந்த சுவர் வழியாகக் கூம்பின் புகையும், கடல்வரை வழிந்து உறைந்த கரும்பாறையும் தெரிந்தபோது, பாடப்புத்தகத்தின் ஒற்றை வரியாக அதை அறிந்திருந்த பிள்ளைகள் பேச்சற்று நின்றார்கள். வெளிச்சரிவுகளில் காடு இருப்பதைக் கண்டு வியந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ விட்டுச்சென்ற ஆடுகளின் வழிவந்த ஆடுகள்கூட அங்கே பிழைத்திருக்கின்றன.

பதிவான முதல் வெடிப்பு 1787. 1789-இல் அந்தத் தீவை நெருங்கிப் பார்த்து, அது புகைந்துகொண்டிருந்ததை எழுதிவைத்தவர் ஆர்ச்சிபால்டு பிளேயர். ஆம், 2024-இல் நீங்கள் எடுத்துவிட்ட பெயருக்கு உரியவர்தான். அவர் ஹேவ்லாக்கையும் நீலையும் போன்ற தளபதி அல்லர், கடலளவைக்காரர். குடியேற்ற ஆட்சியின் பணியாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவின் உயிர்ப்புள்ள ஒரே எரிமலையின் வரலாறு அவருடைய குறிப்பையும் சேர்த்துத்தான் தொடங்குகிறது. பின்னர் 1852 வரை அவ்வப்போது வெடித்து, நெடுங்காலம் அடங்கி, 1991-இல் பாரன் மீண்டும் கண் திறந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தையும் கடற்கோளையும் நாங்கள் இங்கே அனுபவித்தோம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் நிலமே தாழ்ந்துபோய், சிப்பிகாட்டில் வயல்கள் கடல்நீரில் மூழ்கியே கிடந்தன. அடுத்த ஆண்டே பாரன் வெடித்தது. தரைக்கடியில் நடப்பதை எங்களுக்கு அறிவிக்கும் இடம் அது என்று அப்போதிலிருந்து எங்களில் பலர் நினைக்கிறோம்.

நார்கொண்டம் முற்றிலும் வேறு முகம். 710 மீட்டர் உயரத்துக்குக் கடலிலிருந்து நேரே எழும் பசுமையான கூம்பு. வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததாகப் பதிவே இல்லை. அங்கேதான் நார்கொண்டம் இருவாச்சி வாழ்கிறது, உலகில் வேறெங்கும் இல்லை. ஏழு சதுர கி.மீ. அளவுள்ள காட்டில் ஒரு பறவை இனம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு சுவையான விவாதம் உண்டு. "நரக குண்டம்" என்பதே நார்கொண்டம் ஆகியிருக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி யூல் என்ற அறிஞர் கருதினார். இரண்டு தீவுகளையும் ஆய்ந்து 1885-இல் விரிவான அறிக்கை வெளியிட்ட புவியியல் ஆய்வுத்துறை அறிஞர் மாலட் அதிலொரு சிக்கலைக் கண்டார். நார்கொண்டத்தில் எரிவாயே இல்லை, அது பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடப்பது, நரகக் குழி என்ற வருணனை பாரனுக்கல்லவா பொருந்துகிறது? பழைய கடலோடிகள் ஒன்றுக்கு வைத்த பெயர் மற்றொன்றுக்கு இடம்மாறியிருக்கலாம் என்றார் அவர். இந்த விவாதத்தை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பு விழித்துக்கொள்ளும். வங்கக் கடலைக் கடந்த பழைய கப்பல்கள், அவற்றில் புழங்கிய மொழிகள், இரவில் தொலைவில் தெரிந்த நெருப்பு, எது எந்தத் தீவு என்று குழம்பிய வரைபடக்காரர்கள் என்று ஒரே பெயருக்குள் இத்தனையும் இருக்கின்றன. இந்தப் பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பாடமும் போய்விடும். அதில் வெறுக்கத்தக்க ஆளும் இல்லை, அந்நியத் தளபதியும் இல்லை. யூல் சொன்னது சரியென்றால், நம் மொழிகளிலிருந்து போன பெயர்தான் அது.

பெயருக்குச் சட்டத்தின் எடையும் உண்டு. 1986 டிசம்பரில் பர்மாவோடு கடல் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டோம். நார்கொண்டம் இந்தியாவுடையது என்பது அத்தோடு உறுதியானது. ஒரு காலத்தில் உரிமைக் கேள்விக்கு உள்ளான தீவின் பெயரைத் தொடுவதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டாமா? அறிவியலின் எடை இன்னொன்று. 1873-இல் பறவையியலாளர் ஹியூம் அந்த இருவாச்சிக்கு அறிவியல் பெயர் வைத்தபோது தீவின் பெயரையே அதற்குக் கொடுத்தார். 2021-இல் அங்கே கண்டறியப்பட்ட புதிய மூஞ்சூறு இனத்துக்கும் நார்கொண்டத்தின் பெயர்தான். அறிவியல் பெயர்களை அரசாணையால் மாற்ற முடியாது. தீவின் பெயர் மாறினால், எந்த ஊர்ப் பறவை என்றே தெரியாத பெயரோடு அந்தப் பறவை நிற்கும். பாரன் வெடித்தால் விமானங்களுக்குச் சாம்பல் எச்சரிக்கை விடுவது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலுள்ள மையம். அவர்களுடைய பட்டியலிலும், உலக எரிமலைப் பதிவேடுகளிலும், மாலுமிகளின் கடல் வரைபடங்களிலும் அந்தத் தீவு பாரன்தான்.

"ஆளில்லாத தீவுதானே" என்ற எண்ணம் பெயரோடு நின்றுவிடுவதில்லை. காவல் முகாமுக்காக நார்கொண்டத்துக்குக் கொண்டுபோன ஆடுகள் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்த்தன, பிறகு அவற்றை அகற்ற வேண்டியிருந்தது. அங்கே ரேடார் அமைக்கும் திட்டத்தை இருவாச்சியைக் காரணம் காட்டி 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது, 2014-இல் அதே அமைச்சகம் அனுமதித்தது. நாட்டுப் பாதுகாப்பின் தேவையை நான் குறைத்துப் பேசவில்லை. அறியாத இடத்தைப் பற்றி முடிவெடுப்பது எளிதாகிவிடுகிறது என்பதே என் கவலை.

மாற்றியதால் வந்த துன்பம் ஒருபுறம் என்றால், கவனிக்காமல் விட்டதால் வந்தது மறுபுறம். நான் கற்பித்த காலத்தில் என் மேசைமீது இருந்த தமிழ்ப் புத்தகங்களில் இந்தத் தீவின் பெயர் பாரன், பாரென், பேரன், பேரென் என்று விதவிதமாக இருந்தது. நார்கொண்டம் ஒரு நூலில் நர்கோண்டம், மற்றொன்றில் நார்க்கொண்டாம். ஒரு பயிற்சி நூல் நார்கொண்டத்தையும் செயல்படும் எரிமலை என்று அச்சிட்டிருந்தது. அது உறங்கும் எரிமலை என்று சரியாக எழுதிய என் மாணவிக்கு, அந்த நூலைப் பார்த்துத் திருத்தியவர் மதிப்பெண் தரவில்லை. முறையிட்டும் மாறவில்லை. அழுதுகொண்டு வந்த அந்தப் பெண்ணிடம் "நீதான் சரி" என்று சொல்வதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இயலாமை இன்னும் எனக்குள் இருக்கிறது.

இது தேர்வோடு முடிகிற காரியமும் அல்ல. 2025 செப்டம்பரில் பாரன் இருமுறை மிதமாக வெடித்தது. அக்டோபர் தொடக்கத்தில் பாராடாங்கில் சேற்று எரிமலை பொங்கியது. பாராடாங் நடு அந்தமானுக்கும் தெற்கு அந்தமானுக்கும் இடையே மக்கள் வாழும் தீவு. அங்கே வெளிவருவது நிலத்தடி வாயு தள்ளும் சேறு, பாறைக்குழம்பு அன்று. பாரன், பாராடாங் என்று ஒலிக்கும் இரண்டு பெயர்களும் செய்திகளில் குழம்பின. தமிழ்நாட்டிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் அழைத்து, நாங்கள் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எரிமலைக் குழம்பு ஓடுகிறதா என்று பதறினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பேரிடர் வந்தால் அவர்கள் முதலில் தமிழில்தான் கேட்பார்கள், தமிழில்தான் படிப்பார்கள். எந்தத் தீவு என்பதே தெளிவில்லாத எச்சரிக்கை அவர்களுக்கு என்ன பயன் தரும்?

தலைநகரின் பெயர் மாறியபின் வந்த தொல்லையையும் சொல்லவேண்டும். என் மகனுடைய சான்றிதழ்களில் போர்ட் பிளேயர், புதிய முகவரிச் சான்றில் ஸ்ரீ விஜயபுரம். இரண்டும் வெவ்வேறு ஊர்கள் என்று கருதி ஒரு நிறுவனம் அவன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. இரண்டும் ஒன்றே என்று விளக்கம் எழுதிக் கையொப்பம் வாங்க அலைந்தோம்.

எல்லாவற்றுக்கும் முன் இந்தத் தீவுகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரிய அந்தமானியர் போன்ற பழங்குடிகள். 2010-இல் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது பெரிய அந்தமானிய மொழிகளில் ஒன்றான போ மொழியும் அவரோடு முடிந்தது. மொழியியலறிஞர் அன்விதா அப்பி பல்லாண்டு உழைத்து அந்த மொழிகளின் சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். 21 தீவுகளை "பெயரில்லாத தீவுகள்" என்று அறிவித்தபோது, அந்த அகராதியை யாராவது புரட்டினார்களா? மாயாபந்தர் பக்கத்துக் கரேன் மீனவர்களையும், தெலுங்கு, தமிழ், வங்க மீனவர்களையும், நிக்கோபாரியரையும் "இதை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டார்களா? அந்த 21 வீரர்களின் முன் நான் தலைவணங்குகிறேன். அரசு ஏடுகளில் இல்லாத பெயர் மீனவரின் வாயில் இருந்திருக்கலாம் என்பதற்காகவே இதைக் கேட்கிறேன்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். பாரன், நார்கொண்டம் என்ற பெயர்களை மாற்றப்போவதில்லை என்று எழுத்துப்பூர்வமாக அறிவியுங்கள். பிற்காலத்தில் மாற்ற வேண்டிய காரணம் ஏதேனும் எழுந்தால், புவியியல் ஆய்வுத்துறை, விலங்கியல் ஆய்வுத்துறை, கடலளவைத் துறை ஆகியவற்றின் கருத்தைப் பெற்று, அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள்.

அந்தமான் நிக்கோபாரில் மக்கள் வாழ்ந்தாலும் வாழாவிட்டாலும் எந்தத் தீவின் பெயரையும் மாற்றுவதற்கு முன், உத்தேசப் பெயரையும் காரணத்தையும் தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி உள்ளிட்ட எங்கள் மொழிகளில் வெளியிட்டுக் குறைந்தது ஆறு மாதம் கருத்துக் கேளுங்கள். ஏற்கெனவே மாற்றிய பெயர்களுக்கு, பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே இடத்தைக் குறிக்கும் என்று எல்லா அலுவலகங்களையும் கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்று உடனே வேண்டும். எங்கள் பிள்ளைகள் இனியும் அலையக்கூடாது.

தீவுகள் அனைத்துக்குமான பெயர்க் களஞ்சியம் ஒன்றை வெளியிடுங்கள். ஒவ்வொரு பெயரும் எப்போது, யாரால், ஏன் வந்தது என்பதும், பெரிய அந்தமானிய, நிக்கோபாரிப் பெயர்கள் தெரிந்தவரையிலும், மீனவர் வழக்கும் அதில் இருக்கட்டும். தமிழ் உட்பட ஒவ்வொரு மொழியிலும் ஒரே எழுத்துவடிவத்தை அதில் முடிவுசெய்து, பாடநூல் குழுக்களுக்கும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கும் அனுப்புங்கள். பாரன் உயிர்ப்புள்ள எரிமலை, நார்கொண்டம் உறங்கும் எரிமலை, பாராடாங் சேற்று எரிமலை என்ற மூன்று வரிகளும் அடுத்த கல்வியாண்டுப் புத்தகங்களில் சரியாக அச்சாக வேண்டும்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
தெற்கு அந்தமான்